அளவும் கண்டுபிடிப்பும்

முன்பே உள்ள ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றியவர், அதனைத் தம் கண்டுபிடிப்பென்று உரிமை கொண்டாடலாமா? காப்புரிமை பெற்றவர், குறித்த காலம்வரை பிறர் அப்பொருளைச் செய்யாதபடி தடுக்க வல்லவர். வெறும் அளவுக்கு அவ்வுரிமையை வழங்கினால், நேற்றுவரை தடையின்றித் தொழில் செய்தவர் நாளை அனுமதி கேட்டு நிற்பார். மறுத்தாலோ, உழைத்து ஓர் அளவின் சிறப்பை உணர்ந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இதற்கு ஓர் உரைகல் வகுத்தது. அத்துறையில் சராசரித் திறமையுடைய ஒருவருக்கு அம்மாற்றம் வெளிப்படையாகத் தோன்றியிருக்குமாயின் உரிமை இல்லை. உரைகல் எளிது; உரைத்துப் பார்ப்பதே கடினம்.

1955இல் ரோஸ் என்பவரின் மேல்முறையீடு மரப்பலகைக் கட்டுகளைப் பற்றியது. கையால் தூக்கத்தக்க கட்டுகள் முன்பே இருந்தன. அவருடையதோ பாரந்தூக்கி வண்டியால் எடுக்கவேண்டிய பெருங்கட்டு. பருமன் மட்டும் பொதுவாகக் கண்டுபிடிப்பாகாதென நீதிமன்றம் மறுத்தது. எண்ணை மாற்றினால் புதுக் கணக்காகாது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு, இத்தீர்ப்பும் அவ்வகையே. அதே ஆண்டில் ஆலர் வழக்கில், பொது முறை தெரிந்திருக்கையில் மிகச் சிறந்த அளவை வழக்கமான சோதனையால் தேடிக் காண்பது கண்டுபிடிப்பன்று என்றும் தீர்ப்பாயிற்று.

எண்ணே உயிராக நின்ற வழக்கும் ஒன்று உண்டு. அது 1977ஆம் ஆண்டின் ஆன்டனி வழக்கு. கழிவுநீர் ஓடும் தொட்டியில் பாதி அமிழ்ந்த தட்டுகள் சுழலும்; அவற்றில் படிந்த நுண்ணுயிர்கள், மேலெழும்போது காற்றையும் அமிழும்போது கழிவையும் பெற்று நீரைத் தூய்மையாக்கும். தட்டுப் பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் தொட்டியின் கொள்ளளவு 0.12 காலன் என்பதே ஆன்டனி கோரிய விகிதம். குறைந்தால் பயன் குன்றும்; கூடினால் பயன் மிகாது. முந்தைய காப்புரிமையொன்றில் அக்கருவி இருந்தது, விகிதம் இல்லை.

சோதித்துப் பார்த்தால் எவரும் அதனை அடைந்திருப்பர் என்றது காப்புரிமை அலுவலகம். நீதிமன்றம் உடன்படவில்லை. எதைச் சோதிப்பது என்றறிய, அவ்விகிதம் விளைவைப் பாதிக்குமென்பது முதலில் தெரிந்திருக்க வேண்டுமன்றோ? அது அன்று அறியப்பட்டிருக்கவில்லை. ஆன்டனியே வென்றார். இத்தீர்ப்பே நுட்பமானது என்பது என் கருத்து. ரோஸ் வழக்கில் அளவு வெறும் பருமன், இங்கோ அது ஒரு காரணம்.

2007இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், தெரிந்த வழிகள் சிலவே இருந்து அவற்றின் பயனும் முன்கூட்டியே கணிக்கத்தக்கதாயின், முயலத் தோன்றுவதே வெளிப்படைத்தன்மையைக் காட்டக்கூடும் என்றது. ஆயினும் ஆன்டனி வழக்கில் எழுந்த அக்கேள்வியை அந்நாட்டு அலுவலரும் வழக்குரைஞரும் இன்றும் கேட்கின்றனர்.