வலிதான் போயிடுச்சே, மாத்திரை எதுக்கு?

மாட்டுச்சந்தைக்குப் பெயர்போன மதகடிப்பட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: ஜோடியில் ஒரு மாடு நொண்டினால், பாரம் மற்றதன் மேல் ஏறும். மாரடைப்புக்குப் பிறகு இதயத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ரத்தம் கிடைக்காத தசை என்ன ஆகும்?

சுருங்குவதை நிறுத்திவிடும். சும்மாவும் இருக்காது. 1935-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் டெனன்ட், விக்கர்ஸ் இருவரும் நாயின் இதய ரத்தக்குழாயைக் கட்டிப் பார்த்தனர். நல்ல தசை சுருங்கும்போதெல்லாம் பாதித்த பகுதி வெளியே புடைத்தது. நல்ல தசையின் உழைப்பில் ஒரு பங்கு இப்படியே வீணாகிறது.

நல்ல தசைக்கு என்ன கேடு?

கூடுதல் சுமையால் அதுவும் நாளடைவில் இழுபடும். இதய அறை பெரிதாகும். அறை பெரிதானால் சுவரின் மேல் அழுத்தம் கூடும், தசை மேலும் தளரும். முடிவு, இதயச் செயலிழப்பு.

தடுக்க முடியுமா?

முடியும். அடைப்பைச் சீக்கிரம் திறந்தால் சாகும் தசை குறையும். கேப்டோபிரில் போன்ற மாத்திரைகள் இதயத்தின் சுமையை இறக்கும். மாரடைப்பால் இதயம் பலவீனமான 2,231 பேரிடம் நடந்து, 1992-ல் வெளியான ஆய்வில், கேப்டோபிரில் எடுத்தவர்களிடம் மரண அபாயம் 19 சதவீதம் குறைந்திருந்தது.

ஆகவே, வலி நின்றதை நம்பி மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுது, கால் வீங்குது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.