சேற்றுக்கு அஞ்சாத அமெரிக்க வண்டி

டாலிகஞ்ச் ரோட்டில் பழைய ஜீப் ஏதும் கண்ணில் பட்டால் சற்று நின்று பாருங்கள். அதற்கு ஒரு கதை உண்டு.

ஒரு காலத்தில் பாகங்களைக் கப்பலில் வரவழைத்து, அமெரிக்கக் கார்களை நம் நாட்டிலேயே பூட்டி விற்றார்கள். பம்பாயில் 1928 முதல் ஷெவர்லே, சென்னையில் ஃபோர்டு. நம் போன்றவர்கள் அவற்றைக் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி! பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டுமென்று சர்க்கார் சொல்லவே, 1950களின் நடுவில் இரு கம்பெனிகளும் கடையைக் கட்டின.

நிலைத்தது ஜீப்தான். 1940இல் அமெரிக்க ராணுவம் சிறிய வண்டியொன்று கேட்டது. பேன்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் செய்து நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று! போர் முடிவதற்குள் அவை இரண்டும் 6 லட்சத்துக்கு மேல் செய்தன. உழைத்த பேன்டத்துக்குக் கிடைத்ததோ டிரெய்லர் செய்யும் வேலை.

பின் சக்கரம் சேற்றில் சுழன்றால் லீவரைத் தள்ள வேண்டியதுதான்; முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அந்தமான் மழைக்கு வேறென்ன வேண்டும்? 1940களின் கடைசியில் மஹிந்திரா இதைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. போர்க்கால ஃபோர்டு ஜீப்பானால், போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ எழுத்து இருக்கும். மெக்கானிக் நண்பர்கள் தேடிப் பார்க்கலாம்.