பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கட்டும்

கூர்நோக்கு இல்லத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் ஆசிரியர் நண்பர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். "எத்தனை வருஷம் உள்ள வெச்சிருப்பீங்க?" என்பது ஒன்று. "பசங்க ரொம்ப மோசமா இருப்பாங்களா சார்?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சரியான பதில் தெரிந்துவிட்டால், அங்கிருந்து திரும்பும் மாணவனைப் பள்ளி எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் மாவட்டம் வேப்பூர். அரசு கூர்நோக்கு இல்லம் ஒன்றில் நன்னடத்தை அலுவலராக இருக்கிறேன். சட்டத்துடன் முரண்பட்டதாகச் சொல்லப்படும் சிறுவனின் வீடு, தெரு, நட்பு, படிப்பு ஆகியவற்றை விசாரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தருவது என் பணிகளில் முக்கியமானது. அதற்காக வேப்பூர், விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் தலைமையாசிரியர் அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே குறிப்பிடும் சிறுவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

எத்தனை வருடம்?

பெரும்பாலும் வருடக் கணக்கே இல்லை. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பிடிபட்ட சிறுவனைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எளிதில் ஜாமீன் கிடைக்காத வழக்காக இருந்தாலும், சிறுவனுக்கு ஜாமீன் தருவதே பொது விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்களே உண்டு. வெளியே விட்டால் குற்றவாளிகளின் சேர்க்கைக்குப் போய்விடுவான். உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து நேரும். நீதியின் நோக்கம் கெடும். இவற்றில் ஒன்றை நம்புவதற்கு நியாயமான ஆதாரம் இருந்தால்தான் விசாரணைக் காலத்தில் அவன் கூர்நோக்கு இல்லத்தில் தங்குவான். விசாரணையை நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் காரணத்தைப் பதிவு செய்து மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம்.

ஆக, கூர்நோக்கு இல்லம் என்பது விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் இடம். தவறு செய்தான் என்று குழுமம் முடிவு செய்தாலும், அறிவுரை சொல்லி அனுப்புவது, குழு ஆலோசனை, சமுதாயப் பணி, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகள் உள்ளன. 'பள்ளிக்குச் செல்ல வேண்டும்' என்றே குழுமம் கூடுதலாக ஆணையிடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவதும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே. 16 வயதைக் கடந்தவர்கள் மீதான கொடுங்குற்ற வழக்குகளுக்குத் தனி நடைமுறை இருக்கிறது. மற்றபடி நம்மிடம் வரும் பையன்களில் பெரும்பாலோர் சில நாட்களிலோ சில வாரங்களிலோ சொந்த ஊருக்கு, அதாவது நம் பள்ளி இருக்கும் அதே ஊருக்குத் திரும்புகிறார்கள்.

பெயரும் பயமும்

"சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிடுவேன்" என்று வகுப்பில் மிரட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 1887இல் செங்கல்பட்டில் தொடங்கிய நிறுவனத்துக்கு அதுதான் பெயர். வளர்ந்த குற்றவாளிகளுடன் சிறுவர்களைச் சிறையில் அடைத்தால் கெட்டுப்போவார்கள் என்பதால் உருவான ஏற்பாடு அது. 1920இல் நாட்டிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. நூறாண்டுக்கு முன்பே இந்த மண் ஏற்றுக்கொண்ட கொள்கை இது: சிறுவன் தவறு செய்தால் அவனுக்குக் காட்ட வேண்டிய இடம் சிறை அல்ல, கல்வி.

அந்தக் கொள்கை மறக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 டிசம்பர் இறுதியில் அதே செங்கல்பட்டில் அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அதன் பிறகு, இத்தகைய இல்லங்களின் செயல்பாட்டை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2023 நவம்பரில் அறிக்கை அளிக்கப்பட்டது. எங்கள் துறையில் இருப்பவர்கள் யாரும் அந்தச் சிறுவனை மறந்துவிட்டு வேலை செய்ய முடியாது. ஆகவே, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இல்லத்தை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். பயந்துகொண்டு வரும் பையன் எங்களிடம் வாய் திறக்கவே ஒரு வாரம் ஆகிறது.

ரொம்ப மோசமான பசங்களா?

புதிதாக வரும் சிறுவனின் உடைமைகளைக் குறித்துக்கொள்வோம், மருத்துவப் பரிசோதனை நடக்கும், பிறகு படிவம் நிரப்புவோம். பெயர், அப்பா பெயர், ஊர் என்று கேட்கும்வரை பதில் வேகமாக வரும். "எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டதும் வேகம் குறைந்துவிடும். "எட்டாவது வரைக்கும் போனேன் சார்." "பேரு இருக்குது சார், போகல." இந்த இரண்டு பதில்களையும் அடிக்கடி எழுதியிருக்கிறேன். முதலில் பள்ளி நின்றுபோகிறது, வழக்கு அப்புறம்தான் வருகிறது. நான் பார்த்தவரை இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடும். விடியுமுன்பே வண்டிகள் வந்துவிடும். ஆடு பிடித்துக் கொடுக்க, வண்டியில் ஏற்றக் கைக்கு ஆள் வேண்டும்; கையில் காசு கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஜூலையில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. செப்டம்பரில் வியாழனும் சேர்ந்துகொண்டது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவே இல்லை. சந்தையில் பழகிய வயதில் மூத்த ஒருவருடன் வண்டியில் போக ஆரம்பித்தான். கோடையில் இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. காவல்துறைக்கு ஏப்ரலில் தெரிந்த விஷயம் பள்ளிப் பதிவேட்டில் ஜூலையிலேயே எழுதப்பட்டிருந்தது. மாத முடிவில் மொத்த நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் இது தெரியாது. எந்தக் கிழமை என்று பார்த்தால்தான் தெரியும்.

விருத்தாசலம் பக்கத்து ஆசிரியர்களுக்குச் செராமிக் தொழில் பழக்கம். அச்சில் வார்த்த பொம்மை சூளைக்குப் போகுமுன் உடைந்தால் மண்ணை மறுபடி ஊறவைத்துப் பிசைந்துவிடலாம். சூளையில் வெந்த பிறகு உடைந்தால் அது ஓட்டுச்சில்லுதான். 18 வயதுக்குட்பட்டவர்களைச் சட்டம் சூளைக்குப் போகாத மண்ணாகவே பார்க்கிறது. 'திருடன்' என்ற பட்டத்தைப் பள்ளியே கொடுத்துவிட்டால் அந்த மண் அன்றைக்கே வெந்துவிடுகிறது.

ஆசிரியர் சொல்லும் நான்கு வரி

சிறுவன் பிடிபட்ட செய்தி வந்ததிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நான் சமூக விசாரணை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். பள்ளி தரும் விவரம் அதில் ஒரு பகுதி. சில இடங்களில் "ஒழுங்கீனமானவன், அடிக்கடி விடுப்பு எடுப்பான்" என்று எழுதித் தருவார்கள். அதை வைத்துக் குழுமம் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வகுப்பாசிரியை எழுதித் தந்தது வேறு மாதிரி இருந்தது. 'ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு நாள் வருவதில்லை. அப்பா வெளியூரில் கரும்பு வெட்டப் போயிருக்கிறார். கணக்கில் பின்தங்கியவன், கபடியில் முன்னே நிற்பான், சொன்னால் கேட்பான். திரும்பி வந்தால் என் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.' நான்கே வரிகள்தாம். ஜாமீனை மறுக்கும் முதல் காரணம் கெட்ட சேர்க்கை என்று மேலே சொன்னேன் அல்லவா? பகல் முழுவதும் இவன் எங்கே இருப்பான் என்ற கேள்விக்கு அந்த நான்காவது வரி பதில் சொல்லிவிட்டது. பையனைப் புகழ வேண்டியதில்லை. பார்த்ததைத் தேதியோடு சொன்னால் போதும்.

திரும்பி வரும் நாள்

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். அம்மா பையனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார். "நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா நல்லதும்மா" என்று மென்மையாகச் சொல்லப்படும். அல்லது நீண்ட நாள் வரவில்லை என்று எமிஸில் பெயர் ஏற்கெனவே காமன் பூலுக்குப் போயிருக்கும். பத்தாம் வகுப்பு மாணவனாக இருந்தால் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலிலும் பெயர் இருக்காது. இல்லத்தில் இருந்தபடியே பொதுத்தேர்வு எழுதிய சிறுவர்கள் உண்டு. அப்படி எழுதுவதற்கும் பெயர் ஏதாவது ஒரு பள்ளியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தனித்தேர்வராக அலைய வேண்டும், இல்லாவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

சட்டம் சொல்வதை ஆசிரியர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அதற்கு மேல் படிப்பவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டமே துணை. விசாரணை முடியும்வரை மட்டுமல்ல, முடிந்த பிறகும் 'புதிய தொடக்கம்' என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. குழுமத்தின் முடிவால் சிறுவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது 24ஆவது பிரிவு. பெரியவரைப் போல விசாரிக்கப்பட்ட 16 வயதைக் கடந்தவர்கள் மட்டுமே இதற்கு விலக்கு. ஆகவே மாற்றுச் சான்றிதழின் நடத்தைக் கட்டத்தில் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவதை 74ஆவது பிரிவு தடுக்கிறது. பெயர், முகவரி மட்டுமல்ல, பள்ளியின் பெயரும் அதில் அடங்கும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உள்ளூர் நிருபர் கேட்டாலும், ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தாலும் இது நினைவில் இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் இதை அழகாகச் செய்தார். பையன் வந்த அன்று வகுப்புக்குத் தானே போனார். "எங்க போயிருந்தான்னு யாரும் கேக்க வேணாம். விட்டுப்போன பாடத்துக்கு யார் நோட்டு குடுக்கறீங்க?" என்று கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இப்போது செராமிக் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறான்.

பாதிக்கப்பட்டவரும் நம் மாணவர் என்றால்

எல்லா வழக்குகளும் இப்படி எளிதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகப் பிடிக்கப்பட்டவர்களும் பள்ளி மாணவர்கள். பள்ளிகளில் சாதி உணர்வால் நிகழும் வன்முறையைத் தடுக்க ஆலோசனை கூற நீதிபதி சந்துரு தலைமையிலேயே இன்னொரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. இத்தகைய நேரங்களில் காயப்பட்ட குழந்தையின் பாதுகாப்பும் மன அமைதியும் முதலில் வர வேண்டும். இருவரையும் ஒரே வகுப்பறையில் உட்காரவைப்பது புதிய தொடக்கம் ஆகாது. குழுமத்துக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தலைமையாசிரியர் எழுதினால், வேறு பள்ளியில் இடம் கேட்டு ஏற்பாடு செய்யலாம். அப்போதும் அவனை அனுப்பிவிட்டோம் என்று நின்றுவிடாமல், இன்னொரு பள்ளியின் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் விடுபடும் பையனைத்தான் நான் மறுபடி இல்லத்தில் பார்க்கிறேன்.

ஆசிரியர்கள் இந்தத் திங்கட்கிழமையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டை எடுத்து, குறிப்பிட்ட கிழமையில் மட்டும் விடுபடும் பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். உங்கள் ஊரில் அது சந்தை நாளாக இருக்கலாம், அறுவடைக் காலமாக இருக்கலாம், லாரி ஷெட்டுக்கு ஆள் தேவைப்படும் நாளாக இருக்கலாம். வீட்டில் ஒருமுறை விசாரியுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 எண்ணுக்குச் சொல்லுங்கள். இல்லத்துக்குப் போய்விட்ட மாணவனாக இருந்தால், அவன் பெயரை நீக்குமுன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு போன் செய்து, எப்போது திரும்புவான் என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிடுவான்.