வளிமப் பரிமாற்ற அழுத்த அளவீடு

வளிமப் பரிமாற்ற அழுத்த அளவீடு என்பது உள் எரி பொறியில் எரிந்த வளிமம் வெளியேறிப் புதுக் காற்று நுழையும் வேளையில் சிலிண்டரிலும், உள்ளெடுப்பு, வெளியேற்றக் குழாய்களிலும் நிலவும் அழுத்தத்தை அளப்பதாகும். நான்கு வீச்சுப் பொறியில் இவ்விரு வீச்சுகளும் பெரும்பாலும் வேலையைத் தருவதில்லை, உண்கின்றன. இது பம்பு இழப்பு எனப்படும். அரை லிட்டர் சிலிண்டர் ஒன்றில் உள்ளெடுப்பு அழுத்தம் 0.5 பார், வெளியேற்ற அழுத்தம் 1.05 பார் எனில், ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ 27 சூல் வீணாகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றில் இது சுமார் 0.7 கிலோவாட்.

சிக்கல்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில், பொறியின் உண்மையான அழுத்த-கனவளவு வரைபடம் வெப்பப் பொறியியல் ஆய்வகப் பயிற்சிகளுள் ஒன்று. அவ்வரைபடத்தில் எரிதலின் உச்சம் பல பத்து பார் இருப்பதால், அடியிலுள்ள பரிமாற்றக் கண்ணி வெறும் கோடாகவே தெரியும். சுருள்வில் கொண்ட பழைய காட்டிகளில், இதற்கென மெல்லிய வில்லைப் பொருத்தித் தனிப்படம் வரைந்தனர்.

இன்று பயன்படும் குவார்ட்சு அழுத்தமின் உணரி, அழுத்த மாற்றத்தை மட்டுமே காட்டும். தனி அழுத்தத்தைக் காட்டாது. ஆகவே உள்ளெடுப்பு வால்வின் அருகே தனி அழுத்தம் காட்டும் மின்தடை உணரி ஒன்றை வைப்பர். உள்ளெடுப்பு வீச்சின் முடிவில், பிஸ்டன் கீழ்முனையில் இருக்கையில், இரு அழுத்தங்களும் சமம் எனக் கொண்டு சிலிண்டர் வரைகோடு முழுவதையும் நகர்த்துவர். இந்நகர்த்தலில் நேரும் பிழை மாறிலியாதலால் கண்ணியின் பரப்பைப் பாதிக்காது. எரிதல் வெப்பக் கணக்கையே கெடுக்கும். பரப்பைக் கெடுப்பது வெப்ப அதிர்ச்சி. தீச்சுவாலை பட்டு உணரியின் சவ்வு வளைவதால் எழும் பிழை, வெளியேற்ற வீச்சு வரை நீடிக்கக்கூடும். வெளியேற்றக் குழாயின் உணரிக்கு நீர்க்குளிர்ச்சி தேவைப்படுவதும் வெப்பத்தாலேயே.

இடமும் பொருத்தமும்

1952 இல் தொடங்கிய அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி அமைந்த காரைக்குடியில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார். உதகமண்டலத்தில் சுமார் 0.77 பார். வளிமண்டலத்தை ஒப்பிட்டு அளக்கும் மானி -0.2 பார் காட்டினால், காரைக்குடியில் அது 0.8 பார், உதகையில் 0.57 பார். எனவே அளவியின் வகையைக் குறிக்காத அட்டவணையால் பயனில்லை.

உணரியைக் குழாய்ச் சுவரோடு ஒட்டியே பொருத்த வேண்டும். 10 செ.மீ. நீள இணைப்புக் குழல், சாதாரண வெப்பநிலைக் காற்றில் சுமார் 850 எர்ட்சில் புல்லாங்குழல் போல ஒத்ததிரும். அவ்வதிர்வைப் பொறியின் அலை என மயங்க நேரும்.