தொரை பயந்தால் நமக்கேன் சிரிப்பு?

இலங்கை மலையகத் தோட்டங்களில் யாருக்கு எந்த இடம் என்பதை மலைச்சரிவே சொல்லிவிடும். மேட்டில் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களா, அதற்குக் கீழே உத்தியோகத்தர் வீடுகள், இன்னும் கீழே தொழிலாளர்களின் லயக்காம்பராக்கள். பங்களா வாசலுக்குக் கூப்பிட்டால்தான் போகலாம் என்றிருந்த காலத்தை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தைப் பாருங்கள். எஸ்டேட் முதலாளி விசுவநாதன் வேலையைவிட்டு நிறுத்திய இளைஞன், அவருடைய பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துக்கொண்டு வேலை கேட்கிறான். அது போதாதென்று அவர் மகளையும் காதலிக்கிறான். அவன் பெரிய கோடீஸ்வரன் மகன் என்று அவரை நம்பவைக்க, அவனுடைய நண்பன் நரைத்த தாடியோடு 'அப்பா' வேஷம் கட்டிக்கொண்டு வருகிறான். வந்த இடத்தில், தான் விரும்பும் பெண்ணும் அதே வீட்டு மகள்தான் என்று தெரிகிறது.

பணக்கார வீடு, வேலையில்லாத வாலிபன், ஆள்மாறாட்டம், மூச்சுவிடாத பேச்சு. இந்தச் சரக்குக்கு அமெரிக்காவில் 'ஸ்க்ரூபால்' நகைச்சுவை என்று பெயர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அது தழைத்தது. பிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' (1934) படத்தில், வீட்டைவிட்டு ஓடிய செல்வந்தர் மகளும் வேலை போன பத்திரிகைக்காரனும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். முக்கியமான ஐந்து ஆஸ்கார் விருதுகளையும் அது ஒருசேர அள்ளியது. அதே ஆண்டின் நடுவில் அங்கே தணிக்கை கறாரானது. கொஞ்சிப் பேச முடியாத காதலர்கள் பின்வந்த படங்களில் சண்டை போட்டே காதலித்தார்கள். காப்ராவின் கதையை 1956இல் ஏ.வி.எம். நிறுவனம் ராஜ் கபூர், நர்கிஸை வைத்து 'சோரி சோரி' என்று இந்தியில் எடுத்தது.

சரி, முதலாளி ஏமாறுவது ஏன் சிரிப்பாக இருக்கிறது? பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற ஆய்வாளர்கள் 2010இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு வரம்பு மீறப்பட வேண்டும், அந்த மீறலால் யாருக்கும் கேடில்லை என்றும் அதே கணத்தில் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு. ஒன்று குறைந்தாலும் பயமோ சலிப்போதான் மிஞ்சும்.

கேடில்லாத மீறல் எது, கேடுள்ளது எது என்று தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டத்தில் உரிமை கேட்டால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவருக்கு, பங்களாவுக்கு எதிரே எழும்பிய அந்தக் கூடாரம் மற்றவர்களுக்குத் தெரிவதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இந்தப் படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததே. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று படக் கம்பெனி ஆரம்பித்த விசுவநாதனின் மகன் செல்லப்பா (நாகேஷ்), அப்பாவுக்குக் கதை சொல்கிறான். கதை என்று ஒன்றும் பெரிதாக இல்லை, எல்லாம் வாயாலேயே எழுப்பும் சத்தம்தான். அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டு, அப்பாவாக நடிக்கும் டி.எஸ். பாலையாவின் முகத்தையே பாருங்கள். முதலில் அசட்டை, பிறகு ஆர்வம், பிறகு கிலி. சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில், பெற்ற பிள்ளையின் வாய்ச்சத்தத்துக்கு எஸ்டேட் முதலாளி நடுங்குகிறார். அங்கே பேயும் இல்லை, ஆபத்தும் இல்லை. போனது அவருடைய மிடுக்கு மட்டுமே.

இந்தக் காட்சியை இன்று பலர் துண்டுக் காணொளியாகப் போனில் பார்க்கிறார்கள். அப்போதும் சிரிப்பு வரும், ஆனால் பாதிதான். படம் எடுக்கப் பணம் கேட்டு மகன் நச்சரிப்பதும் அப்பா கைவிரிப்பதும் முன்னாலேயே மனதில் ஏறியிருந்தால்தான் மற்றப் பாதி கிடைக்கும். தனியாகப் பார்ப்பதிலும் நட்டம் உண்டு. ஒருவர் தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்று ராபர்ட் புரோவைன் கண்டார். ராபின் டன்பார் குழுவினர் சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்கள் கையில் உறைகுளிர் உறையை மாட்டிச் சோதித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்கள் வலியைக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். கூடிச் சிரிக்கும்போது மூளையில் எண்டோர்ஃபின் சுரப்பதே காரணம் என்பது அவர்கள் முடிவு.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எஸ்டேட் அதில் வெறும் பின்னணிதான். கொழுந்து பறிப்பவர்களுக்குக் கதையில் இடமில்லை. ஏழை ஏழையாகவே மருமகனாக முடியாததால்தான் பொய்யப்பா தேவைப்படுகிறார். ஆனால் அந்தப் பொய் எடுபடும்போது, முதலாளி மதித்தது ஆளை அல்ல, பணத்தை என்பது அம்பலமாகிவிடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு 'தில்லு முல்லு' (1981) இருக்கிறது. அங்கே தேங்காய் சீனிவாசனிடம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, ரஜினிகாந்த் மீசையில்லாத தம்பி ஒருவனையே கற்பனையில் பெற்றெடுக்கிறார். மீசையை வைத்து ஆளை எடைபோடும் முதலாளி ஏமாறாமல் வேறு யார் ஏமாறுவார்?