பாவ்லவின் நாயோடு நிறுத்திவிடாதீர்கள்

கற்றல் கோட்பாடு என்றதும் எல்லாரும் எழுதுவது பாவ்லவின் நாயும் மணியும்தான். தப்பில்லை. ஆனால் "எந்தத் தூண்டலையும் எந்த விளைவோடும் இணைக்கலாம், இரண்டும் அடுத்தடுத்து உடனே வரவேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பீங்க பாருங்க, அங்கேதான் சிக்கல்.

அந்த வரியை ஆட்டிப் பார்த்தவர் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர். சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடிக்கும் வேளையில் காமாக் கதிர் பட்ட எலிகள், பிறகு அந்த இனிப்பை ஒதுக்கின என்று 1955இல் காட்டினார். 1966இல் கோலிங் என்பவரோடு செய்த சோதனைதான் முக்கியம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எலிக்குச் சுவையூட்டிய நீர் கொடுத்தார்கள். நாக்கு பட்டதும் விளக்கு மின்னும், 'கிளிக்' என்று சத்தம் வரும். ஆக, சுவை, ஒளி, ஒலி மூன்றும் சேர்ந்தே வந்தன. பிறகு சில எலிகளுக்கு எக்ஸ் கதிராலோ லித்தியம் குளோரைடாலோ உடம்பு சரியில்லாமல் போகச் செய்தார்கள். வேறு சில எலிகளுக்குக் காலில் மின்அதிர்ச்சி.

அடுத்து சுவையைத் தனியாகவும், ஒளி, ஒலியோடு வெறும் நீரைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய்ப்பட்ட எலிகள் சுவையை வெறுத்தன. ஒளியையும் ஒலியையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதிர்ச்சி வாங்கியவை நேர்மாறு. மூன்றையும் ஒன்றாகச் சந்தித்தும் எலி தேர்ந்தெடுத்துத்தான் கற்றது!

நேர இடைவெளியும் அப்படித்தான். சுவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் குமட்டல் வந்தாலும் வெறுப்பு உண்டாகிறது; பல நேரம் ஒரே தடவை போதும். அன்றைய பெரிய ஆய்விதழ்கள் இதை நம்ப மறுத்து அவர் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. ஏன் இப்படின்னு கேட்டா, எலியால் வாந்தி எடுக்க முடியாது. புது உணவைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துத்தான் பிழைக்கிறது. மெதுவாகக் கொல்லும் எலிமருந்து வந்ததற்கும் இதுவே ஒரு காரணம்: உடனே வயிற்றைக் கலக்கினால் மிச்சமுள்ளவை மறுபடி தொடாது.

தேர்வுக்கு ஒரு மனித எடுத்துக்காட்டு. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் ஓர் இரவு பெயார்நேஸ் சாஸ் ஊற்றிய இறைச்சி சாப்பிட்டார், மனைவியோடு ஓப்பரா பார்த்தார், பிறகு கடுமையாக வாந்தி எடுத்தார். காரணம் வயிற்றுக் கிருமி என்று பின்னால் தெரிந்தும் அந்தச் சாஸ் பிடிக்காமலே போனது. மனைவிமீதோ ஓப்பராமீதோ வெறுப்பு வரவில்லை. இங்கே இயற்கைத் தூண்டல் எது? பலர் சாஸ் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். கிருமித் தொற்றுதான் இயற்கைத் தூண்டல், குமட்டல் இயற்கைத் துலங்கல். சாஸின் சுவை ஆக்கநிலைத் தூண்டல். பிறகு அதைக் கண்டாலே வரும் குமட்டல் ஆக்கநிலைத் துலங்கல்.