பகுதி முடிந்த பாகத்தொகுதி வானூர்தியை நிறைவு செய்தல்

பாகத்தொகுதி வானூர்தி என்பது, ஒரு நிறுவனம் வெட்டி, வளைத்து, துளையிட்டு விற்கும் பாகங்களை வாங்கி, தனிநபர் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலோ பட்டறையிலோ தானே பொருத்திக் கட்டும் சிறு வானூர்தி ஆகும். இவ்வாறு தொடங்கப்படும் வானூர்திகளுள் பல, தொடங்கியவராலேயே முடிக்கப்படுவதில்லை. முதுமை, நோய், மரணம், பணமுடை, வேலை மாற்றம், ஆர்வக் குறைவு ஆகிய காரணங்களால் அவை பாதியில் நின்று, பின்னர் வேறொருவருக்கு விற்கப்படுகின்றன. அத்தகைய வானூர்தியை வாங்கி, முந்தையவர் செய்த வேலையைச் சரிபார்த்து, எஞ்சியதைக் கட்டி, சட்டப்படி பறக்கும் நிலைக்குக் கொண்டு வருவதே இக்கட்டுரையின் பொருள் ஆகும். இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலேயே மிகுதியாகக் காணப்படுவதால், அந்நாட்டு விதிகளே இங்குப் பெரிதும் விளக்கப்படுகின்றன.

பின்னணி

தாமே வானூர்தி கட்டுவோருக்கான சோதனை வானூர்திச் சங்கம் (இ.ஏ.ஏ.) 1953 இல் பால் போபெரெசுனி என்பவரால் விசுகான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பெரும்பாலோர் வரைபடத்தை மட்டும் வாங்கி, மரம், எஃகுக் குழாய், துணி ஆகியவற்றைத் தாமே தேடிக் கட்டினர். 1970களில் பாகங்களைத் தொகுதியாக விற்கும் முறை வளர்ந்தது. ரிச்சர்டு வான்குருன்சுவன் 1973 இல் தொடங்கிய வான்சு ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசை அலுமினிய வானூர்திகள் இவற்றுள் மிகவும் பரவியவை. அவற்றுள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டி முடிக்கப்பட்டுப் பறந்துள்ளன.

முடிவுறாத தொகுதிகளுக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, சிம் பீடி வடிவமைத்த பி.டி.-5 என்னும் ஓரிருக்கை வானூர்தி ஆகும். 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இதன் தொகுதியை வாங்கினர். ஆனால் இதற்கான பொறியை வழங்க வேண்டிய நிறுவனம் நொடித்தது. பின்னர் பீடியின் நிறுவனமும் 1979 இல் நொடித்தது. உடற்பகுதியைக் கட்டி வைத்துக்கொண்டு, பொருத்துவதற்குப் பொறி இன்றி நின்றவர் பலர். அத்தொகுதிகளுள் மிகச் சிலவே பறந்தன.

ஒரு வானூர்தி ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கு வேலையின் அளவே முதற்காரணம். இரண்டு இருக்கைகள் கொண்ட ஆர்.வி.-7 போன்ற ஒன்றைக் கட்ட ஏறத்தாழ 1,500 முதல் 2,000 மணி நேரம் தேவைப்படும். மாலை வேளையிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் வேலை செய்பவருக்கு இது பல ஆண்டு உழைப்பு ஆகும். இறக்கையும் வாலும் முடிந்தவுடன் வேலை முடிந்தது போலத் தோன்றினாலும், பொறி, மின்கம்பி, கருவிப்பலகை, கண்ணாடி மூடி ஆகியவை பெரும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். "தொண்ணூறு விழுக்காடு முடிந்தது, இன்னும் தொண்ணூறு விழுக்காடு மீதம் உள்ளது" என்பது கட்டுநரிடையே வழங்கும் கேலிமொழி.

51 விழுக்காட்டு விதி

ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிருவாகம், தொழில்முறை சாராதோர் கட்டிய வானூர்திகளுக்குச் சோதனை வகை வான்தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. இதற்கு அடிப்படை நிபந்தனை ஒன்று உண்டு. வானூர்தியின் பெரும்பகுதி, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ மட்டும் அவ்வேலையில் ஈடுபட்டோரால் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். இதுவே "51 விழுக்காட்டு விதி" எனப்படுகிறது.

இவ்விழுக்காடு செலவழித்த மணிகளையோ பணத்தையோ எடையையோ கொண்டு கணக்கிடப்படுவதில்லை. இறக்கை விலாக்களை உருவாக்குதல், உடற்பகுதியை இணைத்தல், கட்டுப்பாட்டுக் கம்பிகளைப் பொருத்துதல் என்பன போன்ற பணிகளின் பட்டியல் ஒன்று உள்ளது. ஒவ்வொரு பணியையும் செய்தது தொகுதி நிறுவனமா, தொழில்முறை உதவியாளரா, தொழில்முறை சாராத கட்டுநரா என்று பார்த்தே கணக்கிடப்படுகிறது. பொறி, முற்செலுத்தி, சக்கரம் ஆகியவற்றைக் கட்டுநரே உருவாக்க வேண்டியதில்லை. வண்ணம் பூசுதலும் இருக்கை உறை தைத்தலும் கணக்கில் வாரா.

விதி ஒரே ஒருவரே கட்ட வேண்டும் என்று கூறவில்லை. ஆகவே முதலாமவர் செய்த வேலையும் இரண்டாமவர் செய்த வேலையும் சேர்த்தே எண்ணப்படும். ஆனால் முதலாமவர் உண்மையில் தொழில்முறை சாராதவர் என்பதற்குச் சான்று வேண்டும். அவர் கூலி கொடுத்து ஒரு பட்டறையில் பெரும்பகுதியைச் செய்வித்திருந்தால், வாங்குபவர் எஞ்சிய வேலை முழுவதையும் தாமே செய்தாலும் வானூர்தி இவ்வகையில் தகுதி பெறாமல் போகலாம். எனவே வாங்கும் முன் கேட்க வேண்டியவை பின்வருமாறு:

* தொகுதி நிறுவனம் முதலாமவருக்கு அளித்த விற்பனை ஆவணம், அதன் பின் கைமாறிய ஒவ்வொரு முறைக்குமான ஆவணம்
* நாள், பணி, ஒளிப்படம் ஆகியவற்றுடன் கூடிய கட்டுமான நாட்குறிப்பு
* வரைபடங்கள், செய்முறை நூல், முதலாமவர் அவற்றில் எழுதி வைத்த குறிப்புகள்
* பொறி, முற்செலுத்தி ஆகியவற்றின் பதிவேடுகள்
* பொருத்தப்படாத பாகங்களின் முழுப்பட்டியல்

இவற்றுள் நாட்குறிப்பே முதன்மையானது. மூடப்பட்ட இறக்கையின் உட்புறத்தைப் பின்னர் முழுமையாகக் காண இயலாது. மூடும் முன் எடுத்த ஒளிப்படங்களே அங்குள்ள வேலைக்குச் சாட்சி ஆகும்.

முந்தைய வேலையைச் சரிபார்த்தல்

வாங்கும் முன், அவ்வகை வானூர்தியைக் கட்டிய அனுபவம் உள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. இ.ஏ.ஏ. சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் தன்னார்வலர்களாக இவ்வுதவியைச் செய்கின்றனர்.

அலுமினியக் கட்டமைப்பு

அலுமினியத் தகடுகள் தறையாணிகளால் இணைக்கப்படுகின்றன. சரியாக அடிக்கப்பட்ட தறையாணியின் நசுங்கிய தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 3.2 மி.மீ. தண்டுக்கு அகலம் 4.8 மி.மீ., உயரம் 1.6 மி.மீ. ஆகும். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து விட்டத்தின் இரு மடங்கேனும் தள்ளி இருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று மோதிய இரட்டைத் துளைகள், துளையைச் சுற்றிய விரிசல்கள், பிசிர் நீக்காத விளிம்புகள் ஆகியவை கவனக்குறைவான வேலைக்கு அறிகுறிகள்.

சற்றே குறைபாடுள்ள ஒவ்வொரு தறையாணியையும் பிடுங்கி மாற்ற வேண்டும் என்பதில்லை. பிடுங்கும்போது துளை பெரிதாகி, முன்பிருந்ததை விட மோசமான இணைப்பு ஏற்படக்கூடும். எதை விட்டுவிடலாம், எதை மாற்ற வேண்டும் என்பதை அறிவதே இங்குத் தேவைப்படும் திறன் ஆகும். இறக்கையின் முதன்மைச் சட்டத்திலும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் கீல்களிலும் உள்ள குறைகளை விட்டுவைக்கலாகாது.

தகடுகளின் மேல் நிறுவனம் ஒட்டி அனுப்பும் நெகிழிப் படலத்தைப் பல ஆண்டுகள் உரிக்காமல் விட்டிருந்தால், அதன் அடியில் ஈரம் தங்கி அரிப்பு ஏற்பட்டிருக்கலாம். எரிபொருள் தொட்டிகள் இறக்கைக்குள்ளேயே அடைப்புப் பசையால் கட்டப்படுவதால், அவற்றைக் குறைந்த காற்றழுத்தத்தில் கசிவுச் சோதனை செய்ய வேண்டும்.

கூட்டுப்பொருளும் மரமும்

நுரைப்பலகையின் மேல் கண்ணாடியிழையும் எப்பாக்சிப் பசையும் கொண்டு கட்டப்பட்ட வானூர்திகளில் குறை மேற்பரப்பில் தெரியாது. பசை கலந்த விகிதம் தவறியிருந்தால் அது முழு வலிமை பெறாது. நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது வழக்கமான சோதனை. நன்கு ஒட்டிய இடம் தெளிவான ஒலியையும், உள்ளே பிரிந்த இடம் மந்தமான ஒலியையும் எழுப்பும். மர வானூர்திகளில் பசை இணைப்புகளையும், ஈரத்தால் ஏற்பட்ட உளுத்தலையும் காண வேண்டும்.

பொறி

ஓட்டாமல் கிடக்கும் பொறி, ஓடும் பொறியை விட விரைவாகக் கெடலாம். லைக்கோமிங் பொறிகளில் கேம் தண்டு பொறியின் மேற்பகுதியில் அமைந்துள்ளதால், நாளடைவில் எண்ணெய் வடிந்து அது துருப்பிடிக்கும். பாதுகாப்பு எண்ணெய் இட்டு, துளைகளை அடைத்து வைக்கப்பட்டதா என்று அறிய வேண்டும். இப்பொறிகள் பலவற்றிற்கு அந்நிறுவனம் 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், இவற்றுள் எது முன்னதோ அதனையே முழுச் செப்பனிடலுக்கான கால அளவாகப் பரிந்துரைக்கிறது. ரப்பர் குழாய்களும் அடைப்பு வளையங்களும் பயன்படுத்தாவிடினும் முதுமை அடையும்.

பிற்காலத் திருத்தங்கள்

தொகுதி விற்கப்பட்ட பின்னர் நிறுவனம் வெளியிட்ட சேவை அறிக்கைகள் அனைத்தையும் தேடிப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பல ஆர்.வி. வகைகளின் கிடைநிலை வால் சட்டத்தில் ஏற்படும் விரிசல் குறித்து 2014 இல் அறிக்கை வெளியானது. 2022-2023 காலத்தில் அனுப்பப்பட்ட சில பாகங்களின் துளைகள் லேசர் கதிரால் வெட்டப்பட்டிருந்தன. அவற்றைக் குழித்தபோது சிலவற்றில் விரிசல்கள் தோன்றின. இதன் செலவும் பிற நெருக்கடிகளும் சேர்ந்து, வான்சு நிறுவனம் டிசம்பர் 2023 இல் நொடிப்புப் பாதுகாப்பு கோரியது; 2024 இல் அதிலிருந்து மீண்டது. அக்காலத் தொகுதியை வாங்குபவர், எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்பதைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

முந்தையவரின் மாற்றங்கள்

வரைபடத்திலிருந்து விலகிச் செய்த மாற்றங்களே ஏற்று நடத்துபவருக்குப் பெரும் இடர் ஆகும். தம் வசதிக்காக ஒருவர் செய்த மாற்றத்தின் காரணத்தை அவர் அறிவார். அடுத்தவர் அறியார்.

இதனை உணர்த்தும் நிகழ்வு 12 அக்டோபர் 1997 இல் கலிபோர்னியாவில் நடந்தது. பாடகர் சான் டென்வர், வேறொருவர் கட்டி முடித்த லாங்-ஈசி வகை வானூர்தியை வாங்கிப் பறந்தபோது மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அது தொகுதியாக அன்றி வரைபடத்தைக் கொண்டு கட்டப்பட்டது. எரிபொருள் குழாய்கள் விமானி அறைக்குள் வராதிருக்க வேண்டி, கட்டியவர் தொட்டி மாற்றும் கைப்பிடியை, வரைபடத்தில் உள்ள இடத்தை விட்டு, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். அதனை எட்ட விமானி உடலைத் திருப்ப வேண்டியிருந்தது. அவ்வாறு திரும்பும்போது தன்னை அறியாமல் வலது சுக்கான் மிதியை அழுத்தியதால் கட்டுப்பாடு இழக்கப்பட்டது எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கைப்பிடியின் இடமும், அதில் குறியீடு இல்லாமையும், புறப்படும் முன் எரிபொருள் நிரப்பாமையும், அவ்வகை வானூர்தியில் போதிய பயிற்சி இன்மையும் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இதே வாரியம் 2012 இல் வெளியிட்ட ஆய்வும் இதனுடன் பொருந்துகிறது. தாமே கட்டிய வானூர்திகளின் விபத்துகளில் பொறித்தொகுதிக் கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழத்தலும் முதன்மையானவை என்றும், வானூர்தியின் தொடக்கக் காலத்திலும் புதிய உரிமையாளர் கைக்கு வந்த சிறிது காலத்திலும் விபத்துகள் மிகுதி என்றும் அது கண்டது. பாதியில் நின்ற ஒன்றை வாங்கி முடிப்பவருக்கு இவ்விரண்டு நிலைகளும் ஒருங்கே வருகின்றன.

நிறைவுப் பணிகள்

ஏற்று நடத்துபவர் முதலில் செய்ய வேண்டியது, பாகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலுடன் ஒப்பிடுதல் ஆகும். அதன் பின், செய்முறை நூலின் முதற்பக்கத்திலிருந்து தொடங்கி, முடிந்ததாகக் கூறப்படும் ஒவ்வொரு படியையும் தம் கண்ணால் கண்டு குறியிட வேண்டும். முறுக்கப்பட்ட திருகாணிகளை மீண்டும் முறுக்குவிசை அளவியால் சோதிப்பதும் இதில் அடங்கும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் கம்பி இணைத்த கருவிப்பலகையைப் பெரும்பாலும் புதிதாகவே அமைக்க நேரிடும். 1 சனவரி 2020 முதல் ஐக்கிய அமெரிக்காவின் பல வான்பரப்புகளில் வானூர்தி தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி கட்டாயம் ஆனதும் இதற்கு ஒரு காரணம்.

முதற்பறப்புக்கு முன் எரிபொருள் ஓட்டத்தை அளக்க வேண்டும். புறப்பாட்டின்போது பொறிக்குத் தேவைப்படும் பெரும அளவைப் போல, புவியீர்ப்பால் ஓடும் அமைப்பில் 150 விழுக்காடும், எக்கியால் ஓடும் அமைப்பில் 125 விழுக்காடும் ஓட்டம் இருத்தல் ஏற்கப்பட்ட அளவு ஆகும். பின்னர் வானூர்தியை எடையிட்டு, ஈர்ப்பு மையம் வடிவமைப்பாளர் குறித்த எல்லைக்குள் உள்ளதா என்று கணக்கிட வேண்டும். முந்தையவர் கூடுதலாக வைத்த எடை இங்கு வெளிப்படும்.

சான்றளிப்பும் சோதனைப் பறப்பும்

பதிவும் ஆய்வும் முடிந்து சான்றிதழ் கிடைத்த பின், முதற்கட்டச் சோதனை தொடங்கும். சான்று பெற்ற பொறி-முற்செலுத்தி இணை உள்ள வானூர்திக்கு 25 மணி நேரமும், பிறவற்றிற்கு 40 மணி நேரமும் வழக்கமான அளவு. இக்காலத்தில் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளின் மேல் பறக்கலாகாது, பயணிகளை ஏற்றலாகாது. 2014 முதல், தகுதி பெற்ற இரண்டாம் விமானி ஒருவரை உடன் வைத்துக்கொள்ள ஒரு திட்டம் இடமளிக்கிறது.

வானூர்தியின் முதன்மைக் கட்டுநர் என நிறுவுபவருக்குப் பழுதுநீக்குநர் சான்றிதழ் கிடைக்கும். அதனைக் கொண்டு அந்த ஒரு வானூர்தியின் ஆண்டு ஆய்வைத் தாமே செய்யலாம். ஏறத்தாழ முடிந்த ஒன்றை வாங்கிச் சிறு வேலை மட்டும் செய்தவர் இதனைப் பெறுவது கடினம். அவர் உரிமம் பெற்ற பொறிவினைஞரைக் கொண்டு ஆண்டு ஆய்வு செய்விக்கலாம்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் இலகு வானூர்திச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கட்டுமானத்தின் பல நிலைகளில் பார்த்துக் கையொப்பம் இடுகின்றனர். கனடாவிலும் கட்டமைப்பு மூடப்படும் முன்னர் ஆய்வு தேவை. ஆகவே இந்நாடுகளில் வாங்குபவருக்கு, முந்தையவரின் வேலையைப் பற்றி நடுநிலையான ஒருவரின் பதிவு கிடைக்கிறது.

நன்மைகளும் வரம்புகளும்

பாதி முடிந்த வானூர்தி பொதுவாகத் தொகுதியும் பாகங்களும் சேர்ந்த விலைக்கும் குறைவாகவே விற்கப்படுகிறது. முந்தையவரின் உழைப்புக்கு விலை கிடைப்பது அரிது. வாங்குபவருக்குச் சில ஆண்டுகள் மிஞ்சும். எனினும் வேலை மோசமாக இருந்தால், பிரித்து மீண்டும் கட்டும் நேரம் புதிதாகக் கட்டும் நேரத்தையும் மிஞ்சிவிடும். சரிபார்க்க இயலாத இறக்கையைக் கைவிட்டுப் புதிய இறக்கைத் தொகுதி வாங்கியோரும் உண்டு. சான்றிதழ் வழங்கும் அலுவலர் ஒவ்வொரு தறையாணியையும் பார்ப்பதில்லை. வானூர்தியில் ஏறி அமர்பவரே அதற்குப் பொறுப்பு.

இவற்றையும் பார்க்கவும்

* வானூர்தி
* வான்தகுதி
* தறையாணி
* கூட்டுப்பொருள்
* ஈர்ப்பு மையம்